எழுத்துக்கு முன் ஒலி



நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சென்ற ஆண்டு ஒரு சிறுமி வந்து சேர்ந்தாள். வயது எட்டு. சிவகங்கைச் சீமையில் ஒரு கிராமத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு வரை படித்தவள். அவள் தந்தையார் இந்நாகபுரிக்கு அருகே ஒரு ரயில்வே கேட்டில் பணிபுரிபவர். தாயும் மகளும் அப்பத்தாவும் ஊரை விட்டு வந்து அவரோடு குடியேறிய பின்னர், சிறுமியை இங்குள்ள ஓர் ஆங்கிலப் பள்ளியில் மூன்றாம் வகுப்பிற் சேர்த்தனர்.

ஒரு நாள், 'என் தந்தை' என்னும் பொருள்பற்றி ஆங்கிலத்திற் சில வாக்கியங்கள் எழுதி வருமாறு ஆசிரியை பணித்தார். சிறுமி மிக்க ஆர்வத்தோடு எழுதிச் சென்றாள். அவள் எழுதியதைத் தமிழிற் சொன்னால் இவ்வாறு ஆகும்: "என் தந்தை ரயில் வரும்பொழுது பூனையை மூடுகிறார். ரயில் சென்ற பிறகு பூனையைத் திறக்கிறார்." வகுப்பு முழுதும் சிரித்தது. குழந்தை அன்று முதல் வகுப்பில் வாய் திறப்பதையே நிறுத்திவிட்டாள்.

சில நாட்கள் கழித்துத் தந்தையாரைப் பள்ளிக்கு அழைத்தனர். "வீட்டில் தமிழ் பேசுவதை அறவே நிறுத்துங்கள். இல்லையேல் இவளை அடுத்த வகுப்புக்கு அனுப்புவது இயலாது" என்று கூறினர். அவரும் அதை வேதவாக்காகக் கொண்டார். அவருக்கும் அவர் மனைவியாருக்கும் ஓரளவு இந்தி தெரியும். ஆனால் அப்பத்தாவுக்குத் தமிழன்றி வேறொரு மொழி தெரியாது. ஆகவே அவ்வீட்டில் பேத்தியோடு பேசாத பாட்டியும், பாட்டியோடு பேசாத பேத்தியுமாக இரண்டு மாதங்கள் கழிந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என்னைத் தனியே அழைத்து, "சார், இங்கிலீஷ் வரணும்னா தமிழை விட்டுத்தான் ஆகணுமா?" என்று கேட்டார்.

யான் பத்தாம் வகுப்புத் தேறிய ஒரு ரயில்வே எழுத்தன், ஆசிரியனல்லன். எனினும் அவர் கேட்ட கேள்விக்கு விடை தேடத் தலைப்பட்டேன். படித்தும், பிறரிடம் கேட்டும், வகுப்பிற் செய்து பார்த்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றிலும் இதே கேள்வி இருப்பதை அறிவேன்.

பிழை எங்கே பிறந்தது?

முதலில் அச்சிறுமியின் குறிப்பேட்டைப் பார்த்தேன். ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லின் தலைமீதும் அதன் உச்சரிப்பைத் தமிழெழுத்தில் எழுதி வைத்திருந்தாள். நம்மிற் பலரும் இவ்வாறு படித்தவர்களே. பூனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் மேல் 'கேட்' என்று எழுதியிருந்தாள். வாயிற்கதவைக் குறிக்கும் சொல்லின் மேலும் 'கேட்' என்றே இருந்தது. இரண்டும் ஒன்றாகத் தோன்றவே, எழுத்துக் குறைந்த சொல்லை அவள் தேர்ந்துகொண்டாள். பூனையை மூடித் திறந்த கதை இதுதான்.

இதில் தமிழின் குற்றம் யாது? தமிழெழுத்துத் தமிழொலிக்காக ஏற்பட்டது. ககரம் சொல்லின் முதலில் வன்மையாகவும், மெல்லின எழுத்தையடுத்து வரும்பொழுது மென்மையாகவும் ஒலிக்கிறது. அது நிற்கும் இடமே ஒலியைக் காட்டிவிடுவதால் நமக்குத் தனித்தனி எழுத்துத் தேவைப்படவில்லை. இஃது ஒரு சிக்கனமான ஏற்பாடு. ஆங்கிலத்திலோ அவ்விரண்டு ஒலிகளும் சொல்லின் முதலிலேயே வந்து பொருளை மாற்றுகின்றன. அவ்வேறுபாட்டைத் தமிழெழுத்திலேற்றி மனப்பாடம் செய்யும்பொழுது வேறுபாடு மறைந்துவிடுகிறது. பன்றி என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லும், பெரியது என்னும் பொருளுடைய சொல்லும் நம் எழுத்தில் 'பிக்' என்பதேயன்றோ?

ஆகவே பிழை தமிழ் பேசியதால் வந்ததன்று. ஒலியைக் காதாற் கேட்டுப் பிரிக்கக் கற்பிக்காமல், எழுத்தை மட்டும் கண்ணுக்குக் காட்டியதால் வந்தது.

எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு

ஆங்கிலத்தில் எழுத்துகள் 26. ஆனால் ஒலிகளோ, இங்கிலாந்தின் பொதுவழக்கு உச்சரிப்பைக் கொண்டு கணக்கிடுவோர் முறைப்படி, மெய்யொலி 24, உயிரொலி 20, ஆக 44. இருபத்தாறு எழுத்துகள் நாற்பத்து நான்கு ஒலிகளைச் சுமக்கவேண்டியிருப்பதால், ஓரெழுத்துப் பல ஒலிகளையும், பல எழுத்துகள் கூடி ஓரொலியையும் தருகின்றன. கப்பலைக் குறிக்கும் 'ஷிப்' என்ற சொல்லில் எழுத்து நான்கு, ஒலி மூன்று. பெட்டியைக் குறிக்கும் 'பாக்ஸ்' என்ற சொல்லில் எழுத்து மூன்று, ஒலி நான்கு. எண்ணம் என்னும் பொருளில் வரும் 'தாட்' என்ற சொல்லில் எழுத்து ஏழு, ஒலியோ மூன்றே!

எழுத்தின் பெயரைச் சொல்வதால் மட்டும் ஒலி விளங்குவதில்லை. இதை எங்கள் அலுவலகத்துத் தொலைபேசி எனக்கு நாள்தோறும் கற்பிக்கிறது. பி, சி, டி, ஈ, ஜி, பி, டி, வி என்று எட்டு எழுத்துகளின் பெயர்கள் ஒரே ஓசையில் முடிகின்றன. இவ்வரியைத் தமிழில் எழுதும்பொழுதே 'பி' இருமுறையும் 'டி' இருமுறையும் வந்துவிட்டதைக் காண்க. இதனாலன்றோ தொலைபேசியில், "பி ஃபார் பாம்பே, பி ஃபார் பாட்னா" என்று ஊர்ப்பெயர்களைத் துணைக்கு அழைக்கிறோம்? வளர்ந்தவர்களாகிய நமக்கே எழுத்தின் பெயர் போதவில்லை. "சி-ஏ-டி" என்று நூறுமுறை ஒப்பித்த குழந்தைக்கு அதிலிருந்து 'கேட்' என்ற ஓசை எவ்வாறு பிறக்கும்?

காது இயற்கையாக எங்கே வெட்டுகிறது?

'மரம்' என்ற சொல்லைப் பிரித்துச் சொல்லுமாறு நம் குழந்தையிடம் கேளுங்கள். ம, ர, ம் என்று மூன்றாகப் பிரிப்பாள். உண்மையில் அதிலுள்ள ஒலிகள் ஐந்து: ம், அ, ர், அ, ம். உயிரும் மெய்யும் கூடிய ஓசையை ஒன்றாகக் கேட்பதே இயல்பு. ஆங்கிலேயர் வீட்டுக் குழந்தையும் இதற்கு விலக்கன்று.

அமெரிக்காவில் இசபெல் லிபர்மன் என்னும் அம்மையாரும் அவரோடு பணியாற்றியவர்களும் 1974ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சொல்லிலுள்ள பகுதிகளை எண்ணிச் சிறுகோலால் மேசையைத் தட்டுமாறு குழந்தைகளிடம் கூறினர். நான்கு வயதுக் குழந்தைகளிற் பாதிப்பேர் அசைகளைச் சரியாகத் தட்டினர். தனி ஒலிகளைத் தட்டியவர் ஒருவருமில்லை. முதல் வகுப்பை முடிக்கும் ஆறு வயதினரிலோ பத்துக்கு ஒன்பது பேர் அசைகளையும், ஏழு பேர் ஒலிகளையும் தட்டினர். 1979ஆம் ஆண்டில் ஜோசே மொராய்ஸ் என்பவரும் அவர் குழுவினரும் போர்ச்சுக்கல் நாட்டில் எழுதப் படிக்கக் கற்காத பெரியவர்களைச் சோதித்தனர். சொல்லின் முதல் ஒலியை நீக்கிச் சொல்வது அவர்களுக்கு மிகக் கடினமாயிருந்தது. அதே ஊர்ப்புறத்தில், வளர்ந்தபின் எழுத்துக் கற்றவர்கள் எளிதிற் சொன்னார்கள்.

இவற்றால் அறியத் தக்கது ஒன்று. ஒலியைத் தனித்துப் பிரித்தறிதல் பிறவியில் வருவதன்று; வயதினால் மட்டும் வருவதுமன்று; கற்பித்தால் வருவது.

நம்மிடம் உள்ள திறவுகோல்

இக்கல்வியின் முதற்பாடம் தமிழ்க் குழந்தைக்குத் தமிழிலேயே கிடைத்துவிடுகிறது. 'க் + அ = க' என்று அரிச்சுவடியிற் படித்தோமே, அது என்ன? மெய்யையும் உயிரையும் வெவ்வேறாகப் பிரித்து, பின் கூட்டிக் காட்டும் ஒலிப்பாடமே அது. மெய் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்தது. எழுத்துகள் எவ்வெவ்விடத்திற் பிறக்கின்றன என்பதற்கும் ஓர் இயல் வகுத்தது. உயிரில்லாத தனிமெய்யை ஒரு புள்ளியாற் காட்டும் வசதி நம் கையில் இருக்கும்பொழுது, தமிழை நிறுத்து என்பது கைவிளக்கை அணைத்துவிட்டு வழிதேடச் சொல்வது போலாகும்.

அச்சிறுமிக்கும் இவ்வழியிற்றான் தொடங்கினேன். "கிழங்கு என்று சொல் அம்மா. முதலில் வரும் ககரமும் கடைசியில் வரும் ககரமும் ஒன்றா?" என்று கேட்டேன். பலமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு கண்களை அகல விரித்து, "வேற வேற சார்!" என்றாள். "முதற் ககரம் பூனைக்கு, கடைசிக் ககரம் அப்பாவின் கேட்டுக்கு" என்றேன். அன்று முதல் அவ்விரண்டு சொற்களிலும் அவள் தவறியதில்லை.

அவ்வாறே 'பம்பரம்' என்பதில் இரண்டு பகரங்களும் வெவ்வேறு ஒலி. 'பாட்டி, வண்டி' என்பவற்றில் டகர ஒலிகள் வேறு. ஆங்கிலத்துக்கு வேண்டிய ஒலிகளுட் பல நம் வாயில் முன்னமே உள்ளன. அவை இருப்பதைக் காதுக்கு அறிவிப்பதே நாம் செய்யவேண்டுவது.

வேறொரு நன்மையும் உண்டு. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் தமிழ்க் குழந்தை பிறந்தது முதல் வேறாகக் கேட்கிறாள். இந்தியில் இக்குறில் நெடில் வேறுபாடு இல்லை. எனவே எழுதுகோலாகிய 'பென்' என்ற சொல்லும், வலி என்று பொருள்படும் 'பேன்' என்ற சொல்லும் இங்குள்ள அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கு மயங்கும். நம் பிள்ளைகளுக்கு மயங்குவதில்லை. மறுபுறம், தேவநாகரியில் வன்மை மென்மை ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து உண்டு. இரண்டையும் கற்கும் நம் பிள்ளைகள் இரட்டைச் செல்வம் உடையவர்கள்.

பல்லாங்குழிப் பாடம்

ஒலிகளை எண்ணுவதற்குக் கட்டங்கள் வரைந்து, ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு காயை நகர்த்தும் முறையைச் சோவியத் நாட்டு உளவியலறிஞர் எல்கோனின் என்பவர் வகுத்தார். உலகின் பல பள்ளிகளில் அது வழங்குகிறது. நம் வீடுகளில் அதற்குப் புதிய கருவி வாங்கவேண்டுவதில்லை. பல்லாங்குழிப் பலகையின் ஒரு பக்கத்து ஏழு குழிகளும், ஒரு பிடி புளியங்கொட்டையும் போதும். செய்யும் முறை வருமாறு:

முதல் வாரம்: சொல்லின் முதல் ஒலியை மட்டும் கேட்கச் செய்க. 'சன், சிட், மேன்' என்று மூன்று சொற்களைக் கூறி, முதல் ஒலி மாறுபடுவது எது என வினவுக. ஸ், ம், ந், ல் முதலிய நீட்டிச் சொல்லத்தக்க ஒலிகளை முதலிற் கொள்க. ப், ட், க் முதலியன உடனே மறைவன ஆகையால் அவற்றைப் பின்னர்க் கொள்க.

இரண்டாம் வாரம்: இறுதி ஒலி. அதன்பின் நடு ஒலி. நடுவே நிற்கும் உயிரொலியைக் கேட்பதே குழந்தைக்குக் கடினம், அவசரம் வேண்டா.

மூன்றாம் வாரம்: ஒலிகளைக் கூட்டுதல். நீங்கள் 'ஸ் - இ - ட்' என்று இடைவிட்டுச் சொல்லுக. குழந்தை சேர்த்து 'சிட்' என்று சொல்லட்டும்.

நான்காம் வாரம்: பிரித்தல். சொல்லை நீங்கள் சொல்லுக. குழந்தை ஒலிக்கொரு கொட்டையாகக் குழிகளில் இடட்டும். தேறியபின், கொட்டைக்குப் பதிலாக எழுத்து எழுதிய காகிதத் துண்டுகளை இடச் செய்க. எஸ், ஏ, டி, ஐ, பி, என் ஆகிய ஆறு எழுத்துகளோடு தொடங்கும் வழக்கம் பல பாடநூல்களில் உண்டு. இவ்வாறைக் கொண்டே 'சிட், பின், டின், டிப், நிப்' முதலிய பல சொற்கள் பிறக்கும். மீன் பிடித்துக் கொடுப்பதை விட்டு வலை பின்னக் கற்பிப்பது இது.

நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். அமெரிக்க நாட்டில் 2000ஆம் ஆண்டில் வெளியான தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கை, மொத்தம் 5 முதல் 18 மணி நேர அளவிலான ஒலிப்பயிற்சியே மிகுந்த பயன் தந்தது என்றும், சிறு குழுக்களாகவும் எழுத்தோடு இணைத்தும் கற்பிப்பது சிறந்தது என்றும் கூறுகிறது. பத்து நிமிடமாகக் கணக்கிட்டால் முப்பது நாளில் 5 மணி நேரம். நூற்றெட்டு நாளில் 18 மணி நேரம். எந்தத் தந்தைக்கு இவ்வளவு நேரம் கிடைக்காது?

பெற்றோர் கவனிக்கத் தக்கவை

ஒன்று: மெய்யொலியைச் சொல்லும்பொழுது அகரத்தைச் சேர்க்காதீர்கள். 'ப - இ - ன' என்று சொன்னால், கூட்டும் குழந்தைக்கு 'பின்' கிடைக்காது. 'ப் - இ - ன்' என்று புள்ளி வைத்த மெய்யாகவே சொல்லவேண்டும். ஆசிரியர்களும் தவறுமிடம் இது.

இரண்டு: சொல்லின் இறுதியில் உகரத்தை ஒட்டாதீர்கள். வல்லினத்தில் முடியும் சொல் தமிழில் இல்லாமையால், 'கப்பு, லைட்டு, பஸ்ஸு' என்று நம் நா தானாகவே உகரம் சேர்க்கிறது. தமிழ்ப் பேச்சில் அது குற்றமன்று. ஆங்கிலப் பாடத்தில் மட்டும், 'கப்' என்பதற்கு மூன்று கொட்டைகளே. நான்காவது கொட்டை கையில் மிஞ்சினால் உகரம் புகுந்தது என்று அறிக. 'இஸ்கூல்' என்று சொல்லும் பிள்ளைக்கும் இதுவே மருந்து. ஸ், க், ஊ, ல் என்று நான்கு குழிகளை மட்டும் காட்டினால், முன்னே நிற்கும் இகரத்துக்கு இடமில்லையென்று அவளே கண்டுகொள்வாள்.

மூன்று: நமக்குப் புதிய ஒலிகளை வாயின் வடிவத்தாற் காட்டுக. ஒரு சிறு கண்ணாடியைக் கையிற் கொடுங்கள். மின்விசிறியாகிய 'ஃபேன்' என்பதற்கு மேற்பல் கீழுதட்டைத் தொட்டுக் காற்று வெளிவரவேண்டும். தொடாவிட்டால் தலையில் ஊரும் பேன் ஆகிவிடும்! கால்நடை மருத்துவரைக் குறிக்கும் 'வெட்' என்பதற்குப் பல் உதட்டைத் தொடவேண்டும். ஈரம் என்னும் பொருளுடைய 'வெட்' என்பதற்கு உதடுகள் குவியவேண்டும். பாம்பு சீறுவது போன்ற 'ஸ்' ஒலிக்கும், வண்டு இரைவது போன்ற அதன் இணையொலிக்கும் வேறுபாடு காணத் தொண்டையில் விரல் வைத்துப் பாருங்கள். வண்டின் ஒலியில் விரல் அதிரும்.

நான்கு: தமிழெழுத்தில் ஆங்கில உச்சரிப்பை எழுதி மனப்பாடம் செய்யும் வழக்கத்தைக் கைவிடுங்கள்.

ஐந்து: இலண்டன் மாநகரத்தாரைப் போலப் பேசவைப்பது நம் நோக்கமன்று. சொல்லுக்குச் சொல் வேறுபாடு கேட்கவும், கேட்டதை எழுதவும், கண்டதைப் படிக்கவும் வந்தால் போதும். நம் பேச்சில் நம் ஊரின் மணம் இருப்பதில் வெட்கப்பட யாதொன்றுமில்லை.

அச்சிறுமியின் கதை

இரண்டாம் ஞாயிறன்று தந்தையாரிடம், "அப்பத்தாவையும் வகுப்புக்கு அழைத்து வாருங்கள்" என்றேன். அவ்வம்மையார் தம் பல்லாங்குழிப் பலகையோடு வந்தார். ஆங்கிலம் ஓரெழுத்தும் அறியாதவர். ஆயினும் காது கூர்மையானது. "இப்ப மூணு சத்தந்தானே கேட்டுச்சு? நீ ஏன் நாலு போட்ட?" என்று பேத்தியைத் திருத்தினார். ஒலியை எண்ணுவதற்கு ஆங்கிலம் தெரியவேண்டுவதில்லை என்பதை அன்று தான் யான் உணர்ந்தேன். அவ்வீட்டிற் பாட்டியும் பேத்தியும் மீண்டும் பேசத் தொடங்கியதும் அன்றுதான். மாலைதோறும் பத்து நிமிடம் கொட்டை போடுவது, அதன்பின் ஊர்க்கதை.

மாயம் ஒன்றும் நிகழ்ந்துவிடவில்லை. முதல் மாதத்தில் அவள் மதிப்பெண் உயரவில்லை. மூன்றாம் மாதத்தில் ஒரு நாள் நாகபுரி நிலையத்து நடைமேடையில் நின்றுகொண்டிருந்தபொழுது, எதிரேயிருந்த பலகையைப் பார்த்து, 'ல் - இ - ஃப் - ட்' என்று விரல் மடக்கி, "லிஃப்ட்" என்று படித்தாளாம். ஒருவரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்காத சொல் அது. இறுதியில் உகரமும் இல்லை! தந்தையார் இதை என்னிடம் கூறும்பொழுது அவர் குரல் தழுதழுத்தது. ஆண்டிறுதியில் அவள் நான்காம் வகுப்புக்குச் சென்றாள். எழுத்துப் பிழைகள் இன்னும் உண்டு. ஆனால் வகுப்பிற் கை உயர்த்துகிறாள்.

அவர் கேட்ட கேள்விக்கு என் விடை இது: தமிழை விடவேண்டுவதில்லை, தமிழ் கற்றுத்தந்த காதைக் கொண்டே ஆங்கிலத்தைக் கேட்கவேண்டும்.

வீட்டில் பல்லாங்குழிப் பலகை சும்மா கிடக்கும் அன்பர்கள் அதை ஞாயிறு வகுப்புக்குக் கொடுத்துதவுமாறு வேண்டுகிறேன். வீட்டிற் பாட்டிமார் உள்ளவர்கள் அவர்களையும் உடன் அழைத்து வருவார்களாக.